மாத்திரையா, காத்திருப்பதா, வல்லாரையா: எங்கள் வீட்டில் ஆறு மாதம் ஓடிய வழக்கு

மூன்றாம் வகுப்பு முழுக்க என் மகனின் பள்ளி டைரியில் சிவப்பு மைதான். "இடத்தில் உட்காருவதில்லை." "பக்கத்துப் பையனைத் தொந்தரவு செய்கிறான்." "கணக்கு நோட்டு மறுபடியும் காணவில்லை." ஒவ்வொன்றுக்கும் கீழே என் கையெழுத்து. டிசம்பரில் ஒரு நாள் மிஸ் எதுவும் எழுதாமல் பெரிய கேள்விக்குறி ஒன்றை மட்டும் போட்டு அனுப்பியிருந்தார். எழுதி எழுதி அலுத்துவிட்டது போல. அந்த டைரியையே எடுத்துக்கொண்டு திருச்சியில் ஒரு குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போனோம்.

மூன்று தடவை வரச் சொன்னார். எங்களுக்கு ஒரு படிவம், வகுப்பு மிஸ்ஸுக்கு ஒரு படிவம். கண், காது பரிசோதனை. தூங்கும்போது குறட்டை விடுவானா, வீட்டில் யாருக்காவது இதயக் கோளாறு உண்டா என்றெல்லாம் கேட்டார். ஏடிஹெச்டியை, அதாவது கவனச் சிதறலாகவோ அடங்காத துறுதுறுப்பாகவோ வெளிப்படும் கோளாறை, கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது, இப்படி விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்பதே எங்களுக்குப் புதிது. கடைசியில், "ஏடிஹெச்டிதான். மாத்திரை ஆரம்பிக்கலாம். வீட்ல பேசிட்டு வாங்க" என்றார்.

பேசினோம். ஆறு மாதம் பேசினோம்.

எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. ஒன்று, சும்மா விட்டு வளர விடுவது. இரண்டு, நாட்டு மருந்து, சாப்பாடு, கோயில். மூன்று, மாத்திரை இல்லாமல் பயிற்சி மட்டும். நான்கு, மாத்திரை. நான்கையும் பலன், பக்கவிளைவு, செலவு என்று தராசில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு வழிக்கும் எங்கள் வீட்டில் ஒரு வக்கீல் இருந்தார். காத்திருப்பதற்கு என் அம்மா. வல்லாரைக்கு மாமனார். பயிற்சிக்கு மனைவி. மாத்திரைக்கு நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான். வழியைத் தள்ளினால் ஆளைத் தள்ளியதாக ஆகிவிடும். அதில்தான் ஆறு மாதம் போனது.

"வளர்ந்தா சரியாப் போயிடும்"

அம்மாவின் வாதம் ஒரே வரி. "நீயும் இப்படித்தான்டா இருந்தே. இப்ப நல்லா இல்லையா?"

இதைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் இருக்குமா தெரியவில்லை. வாலு, சேட்டை, துறுதுறு என்று நம்மிடம் இதற்குச் செல்லப் பெயர்கள் நிறைய. பையன் என்றால் அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும். வியாதி என்றே யாரும் நினைப்பதில்லை, ஏனென்றால் அப்பனும் அப்படித்தான், தாத்தாவும் அப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், அம்மா எதை நோய் இல்லை என்பதற்குச் சாட்சியாகச் சொன்னாரோ, அதையே மருத்துவர் குறிப்பில் நோய்க்குச் சாட்சியாக எழுதினார். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஏடிஹெச்டியில் மரபின் பங்கு 74 சதவீதம் அளவுக்கு வருகிறது. உயரம் அப்பா அம்மாவிடமிருந்து வருவதற்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் நிற்கும் எண் இது.

சரி, நான் நல்லாத்தான் இருக்கிறேனா? பிளஸ் டூ கணக்கில் ஒரு தடவை போய், இரண்டாம் தடவை தேறினேன். மூன்று வேலைகளை வேறு வேலை கிடைக்காமலே விட்டேன். முழங்காலில் இருக்கும் தையல் தழும்பு, யோசிக்காமல் வண்டியைத் திருப்பியதற்கான நினைவுச் சின்னம். கரண்ட் பில் கட்டும் தேதியை என் மனைவி தன் போனில் வைத்திருக்கிறார், என் போனில் வைத்தால் பலனில்லை என்று. இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "அதெல்லாம் உன் ஜாதகம்" என்றார்.

காத்திருப்பதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான், மாத்திரை அப்புறம் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் சொல்கிறது. இன்னொன்று, தொந்தரவு ஒரே இடத்தில் மட்டும் தெரிந்தால் அவசரப்படக் கூடாது. வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது, ஆறு மாதத்துக்கு மேலாக, பன்னிரண்டு வயதுக்கு முன்பிருந்தே இருக்க வேண்டும் என்பது விதி. பள்ளியில் மட்டும் பிரச்சினை என்றால் பள்ளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஐம்பது பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்து, விளையாட்டுப் பீரியடையும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளியில் எந்தப் பையன்தான் நெளியாமல் இருப்பான்?

என் மகன் எல்லா இடத்திலும் நெளிந்தான். வயது ஏற ஏற ஓட்டம் குறைவது உண்மை. கவனச் சிதறலும் மறதியும் அவ்வளவு சுலபமாகப் போவதில்லை, பாதிப் பேருக்கு மேல் பெரியவர்களான பிறகும் ஏதோ ஓர் அளவில் கூடவே வருகின்றன. காத்திருக்கும் காலத்தில் பிள்ளை சும்மாவும் இருப்பதில்லை. தினமும் திட்டு வாங்குகிறான். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்ற பழமொழியை என் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்வார். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது, வீட்டுக்குள் அந்தப் பிரிவு எட்டவில்லை. காத்திருப்பதற்குச் செலவில்லை என்று நினைத்தோம். செலவு அவன் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

வல்லாரையும் குணசீலமும்

மாமனார் நல்ல மனிதர். வாராவாரம் காந்தி மார்க்கெட்டிலிருந்து வல்லாரைக் கட்டு வாங்கி வருவார். துவையல் அருமையாக இருக்கும், நான்தான் அதிகம் சாப்பிட்டேன். பிரமி மாத்திரை, சாரஸ்வதாரிஷ்டம், பாதாம் ஊற வைத்தது, மீன் எண்ணெய் என்று பட்டியல் நீண்டது. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 பற்றி முறையான ஆய்வுகள் உண்டு. பலன் இருந்தாலும் அது மிகச் சிறியது. வல்லாரைக்கும் பிரமிக்கும் அந்த அளவுக்குக்கூட, ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளிடம், உறுதியான சான்று கிடையாது.

"இயற்கை மருந்து, கெடுதல் இல்லை" என்ற பேச்சில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. கீரை வேறு, டப்பாவில் வரும் பொடி வேறு. 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேதத் தயாரிப்புகள் 70-ஐ வாங்கிச் சோதித்தார்கள். 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் பிள்ளைகளின் கவனத்தையே கெடுக்கிற பொருள். கவனத்துக்கென்று வாங்கிய பொடியில் அது இருந்தால் என்ன சொல்வது?

இனிப்பை நிறுத்தினால் அடங்குவான் என்பது வீட்டில் எல்லாரும் ஒத்துப்போன ஒரே விஷயம். அதுவும் தவறு. 1994-ல் ஒரு சோதனை செய்தார்கள். பிள்ளைகள் யாருக்கும் சர்க்கரை கொடுக்கவில்லை, ஆனால் பாதித் தாய்மார்களிடம் "கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னார்கள். அந்தத் தாய்மார்கள் மட்டும் தங்கள் பிள்ளை ரொம்பத் துள்ளுவதாகச் சொன்னார்கள். பிள்ளையை அதிகம் கண்டிக்கவும் செய்தார்கள். கலர்ப் பொடி விஷயம் கொஞ்சம் வேறு. செயற்கை நிறங்கள் சில பிள்ளைகளிடம் துறுதுறுப்பைச் சற்றுக் கூட்டுவதாக 2007-ல் பிரிட்டனில் வந்த ஆய்வு காட்டியது. கண்ணைப் பறிக்கும் பஞ்சு மிட்டாயை நிறுத்தியதில் எங்களுக்கு நஷ்டமில்லை.

கோயில் விஷயத்தில் நடந்ததுதான் எனக்கு இன்னும் யோசனையாக இருக்கிறது. எங்கள் ஊர் முசிறிப் பக்கம். திருச்சியிலிருந்து போகிற வழியிலேயே குணசீலம். மனநிலை பாதிக்கப்பட்டவர்களை ஒரு மண்டலம் தங்க வைத்து, உச்சிக்காலத்தில் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். பெருமாளிடம் போய் வரலாமே என்று நான்தான் சொன்னேன். அம்மா பதறிவிட்டார். "வேண்டாம்டா, அங்க யாராவது பாத்துட்டா? சமயபுரம் போலாம்." சாமியிலேயே மனநோய்க்குப் போகிற சாமி, போகாத சாமி என்று பிரித்துவிட்டோம். மாத்திரைமேல் இருக்கும் பயம் மாத்திரையில் தொடங்கவில்லை என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

கோயிலும் மாத்திரையும் எதிரெதிர் என்பதும் நாமாகக் கட்டிக்கொண்டதுதான். ஏர்வாடி தர்கா அருகே 2001 ஆகஸ்ட் 6 அன்று நடந்த தீ விபத்தில், சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். பிற்பாடு அதே தர்காவில் அரசு 'தவா-துவா' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. தொழ வருகிறவர்களுக்கு அங்கேயே மருத்துவரும் மாத்திரையும். யாரையும் எதையும் விடச் சொல்லவில்லை. நாங்களும் அப்படியே செய்தோம். சமயபுரத்தில் மொட்டை போட்டோம், வல்லாரையை நிறுத்தவில்லை, பொடி டப்பாக்களை மட்டும் மாமனாருக்குத் தெரியாமல் மேல் அலமாரிக்கு ஏற்றினோம்.

ஐந்து பெரியவர்கள், ஐந்து சட்டங்கள்

என் மனைவி பயிற்சிப் பக்கம். பிள்ளையை மாற்றுவதைவிடப் பெரியவர்களை மாற்றுவதுதான் இதில் அதிகம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்வது. தூரத்திலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய் முகம் பார்த்துச் சொல்வது. செய்தால் அந்த நொடியே பாராட்டுவது. வீட்டுப்பாடத்தைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக உடைப்பது. தினமும் நான்கைந்து வேலைக்கு ஸ்டார் ஒட்டி, வாரக் கடைசியில் அதற்கு ஏதாவது பரிசு.

கேட்க எளிது. ஆனால் இந்த முறை எழுதப்பட்டது அப்பா, அம்மா, பிள்ளை மட்டும் இருக்கும் வீட்டை மனதில் வைத்து. எங்கள் வீட்டில் ஐந்து பெரியவர்கள். மூன்று ஸ்டார் வந்தால்தான் போன் என்று மனைவி விதி போட்டால், ஒரு ஸ்டாரும் வராத அன்று பாட்டி தன் போனை முந்தானைக்குள் வைத்துக் கொடுத்திருப்பார். "பிள்ளை ஏங்கிப் போயிட்டான்" என்பார். பேரனிடம் விதி பேசுவது பாசமில்லாத காரியம் என்பது அவர் எண்ணம். அவரைக் குறை சொல்லி என்ன, அவர் வளர்ந்த வீட்டில் கண்டிப்பது அப்பா வேலை, செல்லம் கொடுப்பது பாட்டி வேலை. இதில் மனைவிக்குத்தான் அடி அதிகம். பையன் பள்ளியில் எதைச் செய்தாலும் "வளர்ப்பு சரியில்லை" என்ற வார்த்தை அவரைத்தான் தேடி வரும், என்னை வராது. பயிற்சியை அவர் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மாத்திரை கொடுத்தால் தோற்றுப்போய்விட்டோம் என்று ஆகிவிடுமே.

ஒரு தெரபி மையத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் சேர்த்தோம். அங்கே ஊஞ்சல், பந்து, மணல் என்று பையனுக்குக் கொண்டாட்டம். எங்களுக்கு யாரும் எதுவும் கற்றுத் தரவில்லை, நாங்கள் வாசலில் உட்கார்ந்து போன் பார்த்தோம். இரண்டு மாதம் கழித்து மருத்துவரிடம் சொன்னபோது, ஏடிஹெச்டிக்குச் சான்று இருப்பது பெற்றோரை உள்ளே உட்கார வைத்துச் சொல்லித் தரும் பயிற்சிக்கு, ஊஞ்சலுக்கு அல்ல என்றார். பணம் போனது போனதுதான். உங்களுக்கு இந்த வழி என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எங்களுக்கு என்ன சொல்லித் தருவீங்க?" என்பதுதான். பணம் இல்லாதவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களைக் கேட்டுப் பார்க்கலாம். மத்திய அரசு 2013-ல் தொடங்கிய பள்ளிச் சிறார் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் ஏடிஹெச்டியும் இருக்கிறது. தொலைபேசியில் பேச அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம்.

பயிற்சியால் வீட்டில் கத்தல் குறைந்தது. அது சின்ன விஷயமில்லை. வகுப்பறையில் மாற்றம் தெரியவில்லை, டைரியில் சிவப்பு மை நிற்கவில்லை.

மாத்திரை

மச்சானுக்குப் போன் போட்டால் அவர் ஒரே போடாகப் போட்டார். "இங்க கிளாஸுக்கு மூணு பேரு எடுக்குறான். நீங்க எதுக்கு இவ்ளோ சீன் போடுறீங்க?" அமெரிக்காவில் 2022 கணக்குப்படி 3 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 11.4 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு சமயம் ஏடிஹெச்டி என்று சொல்லப்பட்டிருக்கிறது. அப்போது ஏடிஹெச்டி இருந்தவர்களில் பாதிக்குச் சற்று மேல் மருந்து எடுத்தார்கள். அங்கே அழுத்தம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. மருந்து கொடுத்தால்தான் பிள்ளையைச் சேர்ப்போம் என்று பள்ளிகள் சொல்லக் கூடாது என்று 2004-ல் சட்டத்திலேயே எழுத வேண்டியிருந்தது என்றால் பாருங்கள். இங்கே பள்ளி மாத்திரை கேட்பதில்லை, டிசி வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. இவ்வளவு பேசிய மச்சான், தன் இரண்டாவது மகன் அதே மாத்திரை எடுப்பதைத் தன் மாமியார் வீட்டுக்கு இன்றுவரை சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. விமானம் ஏறினாலும் ஊர் கூடவேதான் வருகிறது.

அங்கிருந்து மருந்து கொண்டுவரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அங்கே அதிகம் ஓடும் ஆடரால் ஆம்ஃபெட்டமின் வகை, இந்தியாவில் விற்பனைக்கே இல்லை, கொண்டுவந்தால் சட்டச் சிக்கல். இங்கே கிடைப்பவை முக்கியமாக இரண்டு: மெத்தில்ஃபெனிடேட், அடமாக்செட்டின்.

மெத்தில்ஃபெனிடேட்டை "புது மருந்து, பிள்ளைங்க மேல சோதனை பண்றாங்க" என்று ஒரு உறவினர் சொன்னார். 1944-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா கம்பெனியில் லெயாண்ட்ரோ பனிட்சோன் என்ற வேதியியலாளர் செய்தது அது. அவர் மனைவி ரீட்டாவின் பெயரால்தான் ரிட்டாலின். கடைக்கு வந்தது 1954-ல். என் அம்மா பிறந்த வருஷம்.

பயம் அந்த இடத்தில் இல்லை, மருந்துக்கடையில் இருந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு நான்கு மெடிக்கல் ஏறி இறங்கினேன். மூன்று பேர் பார்த்தவுடனே தலையாட்டினார்கள். நான்காவது கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தாமல், "யாருக்கு சார் இது? போதை ஐட்டம்ல இருக்கு" என்றார். பக்கத்தில் க்ரோசின் வாங்க வந்த பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். விஷயம் இதுதான்: இந்த மருந்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும், மருந்து விதிகளின் ஷெட்யூல் எக்ஸிலும் இருக்கிறது. விற்கக் கடைக்குத் தனி உரிமம் வேண்டும். சீட்டு இரண்டு பிரதி, ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இருப்பதால் இந்தக் கட்டுப்பாடு. மருத்துவர் சொன்ன அளவில் வாய்வழி எடுக்கும் பிள்ளைகள் பின்னாளில் போதைக்கு அடிமையாவது இதனால் அதிகமாகவில்லை என்பதுதான் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் சொல்வது. ஆனால் அந்தக் கடை வாசலில் நின்றுகொண்டு இதையெல்லாம் நினைவுபடுத்திக்கொள்ள முடியவில்லை. மாத்திரை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். பாதிக் குடும்பங்களின் முடிவு இந்த வாசலில்தான் நடக்கிறது என்று தோன்றுகிறது, மருத்துவர் அறையில் அல்ல.

அடமாக்செட்டினுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சாதாரணச் சீட்டு, பெரும்பாலும் கிடைத்துவிடும். மெத்தில்ஃபெனிடேட்டைப் போல மூளையைத் தூண்டும் ஊக்கி வகை இல்லை, நாள் முழுக்க வேலை செய்யும். அதனால் "போதை லிஸ்ட்ல இல்லாதது குடுங்க டாக்டர்" என்று கேட்டு வாங்கும் பெற்றோர் நிறைய. இது முழுப் பலன் காட்ட நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்பதை அவர்கள் காதில் வாங்குவதில்லை. இரண்டாவது வாரமே "ஒண்ணும் மாறல" என்று நிறுத்திவிடுகிறார்கள். மெத்தில்ஃபெனிடேட் அப்படியில்லை, முக்கால் மணி நேரத்தில் தெரியும், மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கும். 133 சோதனைகளைச் சேர்த்து 2018-ல் வந்த பெரிய தொகுப்பாய்வு, பிள்ளைகளுக்கு முதல் தேர்வாக மெத்தில்ஃபெனிடேட்டையே சொன்னது. சராசரியில் அடமாக்செட்டின் அதற்கு ஒரு படி கீழே. பிள்ளைக்கு முகச் சுளிப்பு போன்ற தசைத் துடிப்போ, அதிகப் பதற்றமோ இருந்தால், அல்லது வீட்டில் யாருக்காவது போதைப் பழக்கம் இருந்தால், மருத்துவரே அடமாக்செட்டின் பக்கம் போவார். அதிலும் கவனம் வேண்டும். தற்கொலை எண்ணம் அரிதாக வரலாம் என்று 2005-லிருந்து அமெரிக்காவில் எச்சரிக்கை அச்சிடுகிறார்கள்.

மாத்திரையின் வகையைக்கூட ஊர்தான் முடிவு செய்கிறது. சாதாரண மெத்தில்ஃபெனிடேட் என்றால் மதியம் இன்னொன்று போட வேண்டும். அதற்குப் பள்ளியில் சொல்ல வேண்டும், மிஸ் கொடுக்க வேண்டும், வகுப்புக்கே தெரியும். மெல்லக் கரையும் வகை காலையில் ஒன்று போதும். எங்களுக்கு அதை வாங்கத் தோன்றியதற்கு முதல் காரணம் மருத்துவம் அல்ல, மறைப்பது.

மறைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருப்பதால் கீழ்ப்பாக்கம் என்ற இடத்தின் பெயரே நமக்கு வசவு. பெண் பிள்ளை என்றால் இது இரண்டு மடங்கு. என் தங்கை மகளுக்கு ஓட்டம் இல்லை, சேட்டை இல்லை, வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "கனவு காண்கிறாள்", "மந்தம்" என்று எட்டாவது வரை ஓட்டிவிட்டார்கள். எங்கள் கதையைக் கேட்டு அழைத்துப் போனார்கள், அவளுக்கும் ஏடிஹெச்டி. மாத்திரை வேண்டாம் என்று தங்கை மாமியார் முடித்துவிட்டார். "நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் கேட்டா என்ன சொல்றது?" பதிமூன்று வயதுப் பிள்ளையின் இன்றைய கணக்குப் பரீட்சைக்கும், பத்து வருடம் கழித்து வரப்போகும் முகம் தெரியாத மாப்பிள்ளைக்கும் நடந்த போட்டியில் மாப்பிள்ளை ஜெயித்தார். கோபமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் பயம் கற்பனை என்று என்னால் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இருக்கின்றன, ஏடிஹெச்டி தனியாக இல்லை. பெயர் மட்டும் ஒட்டும், அதற்கென்று ஒரு சான்றிதழோ சலுகையோ வராது. அப்படியிருக்க எதற்கு வெளியே சொல்வது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

எண்கள் சொல்வது

எங்கள் வழக்கை முடித்து வைத்தது ஒரு பழைய ஆய்வு. 1999-ல் அமெரிக்காவில் வந்தது. 7 முதல் 9 வயது வரையான 579 பிள்ளைகள், நான்கு குழு, 14 மாதம். முடிவில் அறிகுறிகள் கிட்டத்தட்ட மற்றப் பிள்ளைகள் அளவுக்கு இறங்கியவர்கள்: மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்த குழுவில் நூற்றுக்கு 68, மாத்திரை மட்டும் 56, பயிற்சி மட்டும் 34, ஊர் மருத்துவர் பார்த்தபடி விட்ட குழுவில் 25.

முதலில் பார்த்தபோது நானும் 56-ஐயும் 34-ஐயும்தான் ஒப்பிட்டேன். கவனிக்க வேண்டியது கடைசிக் குழு. அதில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் மாத்திரை எடுத்தவர்கள்தான். இருந்தும் 25. வித்தியாசம், மாதாமாதம் பார்த்து, ஆசிரியரிடம் கேட்டு, அளவைச் சரி செய்தது. அதாவது அதே மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் மருத்துவர் பக்கம் போகாமல் இருந்தால் கிடைப்பது கடைசிக் குழுவின் பலன். இன்னொரு செய்தி, சேர்த்துச் செய்த குழுவுக்குக் குறைந்த அளவு மாத்திரையே போதுமாயிருந்தது. என் மனைவி பிடித்துக்கொண்டது அந்த வரியை. அவருடைய பயிற்சி தோற்கவில்லை, மாத்திரையின் அளவைக் குறைக்கிறது.

முழு உண்மையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வு முடிந்து அவரவர் வழியில் போனபின், மூன்றாவது வருடம் பார்த்தபோது குழுக்களுக்குள் வித்தியாசம் மறைந்திருந்தது. பலர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள், வேறு சிலர் ஆரம்பித்திருந்தார்கள். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் சரியாகும் மருந்து இது இல்லை. போடுகிற காலத்தில் வேலை செய்யும்.

ஜூன் மாதம் நான்காம் வகுப்பு தொடங்கியதும் மெல்லக் கரையும் மெத்தில்ஃபெனிடேட்டை ஆரம்பித்தோம், மிகக் குறைந்த அளவில். பள்ளியில் மாத்திரை பற்றிச் சொல்லவில்லை. புது மிஸ்ஸிடம் அதே 18 கேள்விப் படிவத்தை வெள்ளிக்கிழமைதோறும் நிரப்பித் தரச் சொன்னோம், காரணம் சொல்லாமல். முதல் வாரம் 14 கட்டத்தில் "அடிக்கடி" என்று டிக். அளவை இரண்டு முறை ஏற்றிய பிறகு, ஐந்தாவது வாரம் 6. அம்மாவிடம் காட்டினேன். படிவத்தை வாங்கி, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு டிக்காக எண்ணினார். ஒன்றும் சொல்லவில்லை.

அவனிடம் கேட்டேன், எப்படி இருக்கிறது என்று. "முன்னாடி எல்லா சேனலும் ஒண்ணா ஓடும்ப்பா. இப்ப மிஸ் சேனல் மட்டும் கேக்குது" என்றான்.

மதிய டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரத் தொடங்கியது. மூடியைத் திறந்தால் தயிர்சாதத்தில் ஒரு கரண்டி குழி மட்டும் இருக்கும். பசி அடங்குவது இந்த மருந்தின் முதல் பக்கவிளைவு, தூக்கம் தள்ளிப்போவது அடுத்தது. காலையில் மாத்திரைக்கு முன் வயிறு நிறைய இட்லி, இரவு எட்டு மணிக்கு மருந்து இறங்கியபின் நான்கு தோசை என்று மாற்றினோம். மாலை ஆறு மணிக்கு ஒரு அரை மணி நேரம் சிடுசிடுப்பான், அந்த நேரத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போடுவதில்லை. இதில் ஒரு வேடிக்கை: கல்யாணம், காதுகுத்து எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். சொந்தக்காரர்கள் அவனைப் பார்ப்பதே மாத்திரை இல்லாத நாளில். "மருந்து குடுத்தும் அடங்கலையே" என்று சித்தப்பாவும், "நல்லாத்தானே ஓடியாடுறான், எதுக்கு மருந்து?" என்று அத்தையும் ஒரே பந்தியில் சொன்னார்கள்.

உயரத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறையலாம் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடு போடுகிறோம். ஜூனில் 124. செப்டம்பரில் 125. டிசம்பரில் 126.5. அந்தக் கோடுகளை அம்மா மருத்துவரைவிட நெருக்கமாகக் கண்காணிக்கிறார், நடுவில் சந்தேகம் வந்தால் அவனை நிற்க வைத்துத் தானே தலையில் ஸ்கேலை வைத்துப் பார்க்கிறார். காலையில் இட்லித் தட்டோடு மாத்திரையை எடுத்து வைப்பதும் இப்போது அவர்தான். பக்கத்து வீட்டு அக்கா அது என்ன என்று கேட்டபோது, "சத்து மாத்திரைம்மா" என்றார்.